0.14 மில்லிமீட்டரில் ஒரு மலை

ஒரு பழுப்புக் கோடு. அகலம் 0.14 மில்லிமீட்டர். தலைமுடி இரண்டை ஒட்டி வைத்தால் ஏறத்தாழ அவ்வளவு வரும். ஒரு காட்டின் மேடு, பள்ளம், முகடு, ஓடைச் சரிவு எல்லாவற்றையும் அந்தக் கோடுதான் சொல்லியாக வேண்டும். அதைப் படிப்பவர் மேசை முன் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்லர். ஒரு கையில் திசைகாட்டி, மறு கையில் மடித்த காகிதம், காலுக்குக் கீழே வேர்களும் ஈரப்பாறைகளும் என்று மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவர்.

ஓரியண்டீரிங் என்ற விளையாட்டில் போட்டுவைத்த ஓடுபாதை கிடையாது. வரைபடத்தில் ஊதா வட்டங்கள் இருக்கும். அவை குறிக்கும் இடங்களை வரிசை மாறாமல் தேடிப் போய், அங்கே தொங்கும் வெள்ளை-ஆரஞ்சுக் கொடியருகே வருகையைப் பதிந்துவிட்டு, அடுத்த வட்டத்துக்கு ஓட வேண்டும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவரின் தீர்மானம். குன்றின் மேல் ஏறிக் கடப்பதா, சுற்றி வருவதா? புதருக்குள் புகுவதா, ஒதுங்கிப் போவதா? கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லை. கையிலிருக்கும் காகிதம் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சி அச்சகத்தில் பிசகிவிட்டால், நன்றாக ஓடியவர் தோற்றுப்போவார். அதனால்தான் இந்த விளையாட்டில் அச்சுத் தொழிலை வெறும் வேலையாக நான் பார்ப்பதில்லை. போட்டி நியாயமாக நடந்ததா என்ற கேள்வியில் பாதி அச்சு எந்திரத்தின் முன்னால்தான் தீர்மானமாகிறது.

பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று, இன்றைய ஓஸ்லோ நகருக்கு அருகே நடந்தது. அன்று முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ராணுவத்துக்கும் அரசுக்கும் வரைந்த நில அமைப்பு வரைபடங்களை வைத்தே எல்லோரும் ஓடினார்கள். அவற்றில் காட்டின் நுண்விவரங்கள் போதாது. கொடியைக் கண்டுபிடித்ததில் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. இந்த விளையாட்டுக்கென்றே தனியாக அளந்து வரைந்த முதல் வண்ண வரைபடம் 1950-இல் நார்வேயில் வந்தது. 1961-இல் பத்து நாடுகள் கோபன்ஹேகனில் கூடி சர்வதேச ஓரியண்டீரிங் கூட்டமைப்பைத் தொடங்கின. பின்லாந்தில் பழகியவர் சுவிட்சர்லாந்தில் ஓடினாலும் ஒரே மொழியில் வரைபடம் படிக்க வேண்டும் அல்லவா? அதற்காகக் குறியீடுகள், கோட்டு அகலங்கள், நிறங்கள் எல்லாவற்றுக்கும் பொது விதிகள் எழுதப்பட்டன. அந்த விதிநூல் பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. இன்று அதில் பழுப்புக் கோட்டின் அகலம் 0.14.

விதிப்படி காட்டு வரைபடத்தின் அளவுத்திட்டம் 1:15,000. காகிதத்தில் 0.14 மில்லிமீட்டர் என்றால் தரையில் 2.1 மீட்டர். அதைவிடத் தடிமனாக வரைந்தால் செங்குத்தான சரிவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெல்லியதாக வரைந்தால் ஓடும்போது கண்ணில் படாது. இரண்டுக்கும் நடுவில் பிடித்த புள்ளி அது.

நிறம் இங்கே ஓர் எண்

மற்ற வரைபடங்களில் காடு பச்சை, வெற்றிடம் வெள்ளை. இங்கே தலைகீழ். வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. ஸ்காண்டிநேவியப் போட்டி நிலங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட காடுதான். பெரும்பகுதியை மை பூசாமல் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். மஞ்சள் திறந்தவெளி. நீலம் தண்ணீர். கருப்பு பாறைகளும் மனிதர் அமைத்தவையும். பழுப்பு நிலத்தின் வடிவம்; ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள். ஊதா அன்றைய போட்டியின் தடம்.

பச்சைதான் நுட்பமானது. அது மரத்தைக் குறிப்பதில்லை, வேகத்தைக் குறிக்கிறது. வெளிர் பச்சையில் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை ஓடலாம். நடுத்தரப் பச்சையில் 20 முதல் 60. அடர் பச்சையில் 20-க்கும் கீழே. கிளைகளை விலக்கிக்கொண்டு முட்டி மோதித்தான் போக வேண்டும். ஆக, பச்சையின் அடர்த்தி என்பது ஓர் எண். அலங்காரத்துக்குப் பூசிய சாயம் அல்ல. அச்சில் வெளிர் பச்சை கொஞ்சம் தடித்து நடுத்தரப் பச்சையைப் போலத் தெரிந்தால், ஓடுபவர் ஒரு நல்ல குறுக்குவழியைக் கைவிட்டுவிட்டு அரைக் கிலோமீட்டர் சுற்றுவார். அவர் மேல் பிழை ஏதும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட எண் தவறு.

தனி மை என்ற பழைய நல்ல வழி

தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் தாள். ஒளி ஊடுருவும் படலத்தில் பழுப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று என்று பேனாவால் வரைவார்கள். இரு மடங்கு பெரிதாக வரைந்து, புகைப்பட முறையில் சுருக்கினால் கைநடுக்கம் பாதியாகிவிடும். ஒவ்வொரு படலத்திலிருந்தும் ஓர் ஆஃப்செட் அச்சுத் தகடு, அதாவது பிளேட், தயாராகும். அந்தப் பிளேட்டுக்கு அதே நிறத்தில் முன்பே கலந்து வைத்த மையை ஊற்றுவார்கள். அச்சுக்காரர்கள் இதை ஸ்பாட் கலர் என்பார்கள்; தனி மை என்று சொல்லலாம். பான்டோன் நிற அட்டையில் பழுப்புக்கு 471, மஞ்சளுக்கு 136, நீலத்துக்கு 299, பச்சைக்கு 361 என்று எண்கள் குறிக்கப்பட்டன. எந்த ஊர் அச்சகத்தில் கேட்டாலும் அதே பழுப்பு கிடைக்கும்.

இந்த முறையின் அருமையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். பழுப்பு மை ஏற்கெனவே பழுப்பாக இருப்பதால், கோட்டை அது முழுமையாக, இடைவெளி இல்லாமல் நிரப்புகிறது. அங்குலத்துக்கு 2,400 புள்ளி வீதம் பதியும் பிளேட்டில் ஒரு புள்ளி சுமார் 0.011 மில்லிமீட்டர். நம் கோட்டின் அகலத்துக்குள் பதின்மூன்று புள்ளிகள் அடங்கும். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல வரும். அதோடு அச்சு மை கண்ணாடித்தாள்போல ஒளி ஊடுருவக்கூடியது. பச்சையின் மேல் பழுப்பை அடித்தால் பச்சையும் தெரியும், பழுப்பும் தெரியும். கோட்டுக்காகப் பச்சையில் இடம் விட வேண்டியதே இல்லை. பிளேட் ஒன்று இம்மியளவு நகர்ந்தாலும் கோடு முழுசாகவே இருக்கும். அக்கம்பக்கத்திலிருந்து சிறிது விலகியிருக்கும், அவ்வளவுதான்.

நான்கு மையின் கணக்கு

உங்கள் வீட்டு நாளிதழை எடுத்து, வண்ணப் புகைப்படம் ஒன்றின் மேல் பூதக்கண்ணாடியை வையுங்கள். தோலின் நிறம், வானத்தின் நிறம் எதுவும் அங்கே இருக்காது. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகள் மட்டும் இருக்கும். பெரிய புள்ளி அடர்த்தி, சிறிய புள்ளி வெளிர்மை. தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது கண் அவற்றைக் கலந்துவிடுகிறது. இது ஹாஃப்டோன். புகைப்படத்துக்கு இதைவிடச் சிறந்த உத்தி இல்லை. முகத்தில் மெல்லிய கோடுகள் கிடையாது. நிறம் படிப்படியாக மாறும்.

இப்போது அதே நான்கு மையால் நம் பழுப்புக் கோட்டை வரையப் பார்ப்போம். கூட்டமைப்பின் விதிநூல் தரும் சமையல் குறிப்பு: மெஜந்தா 56 சதவீதம், மஞ்சள் 100, கருப்பு 18, சயான் இல்லை. மஞ்சள் 100 என்பதால் அது முழுக்க நிரம்பிவிடும். மெஜந்தாவும் கருப்பும் புள்ளிகளாகத்தான் விழ வேண்டும். தரமான ஆஃப்செட்டில் அங்குலத்துக்கு 150 வரிப் புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு ஒதுக்கிய கட்டத்தின் அகலம் 25.4-ஐ 150-ஆல் வகுத்தால் வருவது: 0.169 மில்லிமீட்டர்.

கோட்டின் அகலமோ 0.14.

பிரச்சினையின் மொத்த உருவமும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. வரைய வேண்டிய கோடு, வரைய உதவும் கட்டத்தைவிட ஒல்லியானது. தேங்காய்ச் சிரட்டையால் மாவு அளக்கலாம். குங்குமப்பூ இழையை அளக்க முடியாது. 56 சதவீத மெஜந்தாப் புள்ளி வட்டமாக இருந்தால் அதன் விட்டமே 0.14-ஐ ஒட்டி வரும். கோடு புள்ளிகளின் வரிசையோடு சேர்ந்து ஓடும் இடத்தில் மணிமாலைபோலத் தெரியும். இரண்டு வரிசைகளின் நடுவே விழும் இடத்தில் மெஜந்தா சிதறிப்போய் வெறும் மஞ்சளாக வெளிறும். சம உயரக் கோடு குன்றைச் சுற்றி வளைந்து போவது. புள்ளிகளின் வரிசையோ ஒரே கோணத்தில் நிற்பது. ஆகவே ஒரே கோடு குன்றின் ஒரு பக்கம் அழுத்தமாகவும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் வரும். படிப்பவர் அந்த மங்கலை நிலத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஏனென்றால் சிறு மேடுபள்ளத்தைக் காட்டும் துணைக்கோடு ஒன்று விதிநூலில் இருக்கிறது. அது இன்னும் மெல்லியது, 0.10 மில்லிமீட்டர், விட்டு விட்டு வரைவது.

இதோடு ரிஜிஸ்டர் விலகலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மைகள் மூன்று தடவை விழ வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ரிஜிஸ்டர் தப்பிய சினிமாச் சுவரொட்டியில் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு நகர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரொட்டியில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே 0.05 மில்லிமீட்டர் விலகினாலே கோட்டின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். ஒரு ஓரத்தில் மஞ்சள் நிழல், மறு ஓரத்தில் இளஞ்சிவப்பு நிழல், நடுவில் ஒரு நூலிழை பழுப்பு.

தீர்வு இல்லாமல் இல்லை. புள்ளிகளைக் கட்டங்களில் அடுக்காமல், மிகச் சிறிய ஒரே அளவுப் புள்ளிகளை ஒழுங்கற்றுத் தூவும் முறை ஒன்று உண்டு. அடர்த்தி வேண்டுமானால் புள்ளியைப் பெரிதாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். அதில் கட்டம் இல்லாததால் கோடு மாலையாக உடைவதில்லை. நல்ல டிஜிட்டல் எந்திரங்கள் பலவும், நுண்துளி இங்க்ஜெட்களும் இதை ஒட்டியே வேலை செய்கின்றன. எனினும் மெல்லிய கோட்டுக்குத் தனி மையே உயர்ந்தது என்பதுதான் என் முடிவு. நான்கு மை புகைப்படத்துக்காகப் பிறந்த கருவி. அதைக் கோட்டுக்குப் பழக்கி எடுக்கிறோம்.

பிறகு ஏன் எல்லோரும் நான்கு மைக்கு மாறினார்கள்? சங்கம் ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு இருநூறு வரைபடம் அடிக்கும். ஐந்தாறு பிளேட், எந்திரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பாழாகும் தாள்கள் என்று பார்த்தால், பாழாகும் தாளே தேவைப்படும் தாளை மிஞ்சிவிடும். மேலும் ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு தடம். பின்லாந்தில் 1949 முதல் நடக்கும் யூகோலா தொடர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். அணிக்கு ஏழு பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். முன்னால் ஓடுபவரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்துவிடாதபடி, அணிக்கு அணி தடத்தில் சிறு சிறு மாற்றம் செய்திருப்பார்கள். பிளேட் வைத்து இதைச் செய்வது எளிதல்ல. ஒவ்வொரு தாளையும் வேறாக அடிக்கும் டிஜிட்டல் எந்திரம் இந்த விளையாட்டுக்குப் புதிய சுதந்திரம் கொடுத்தது. அதற்குக் கொடுத்த விலை, பழுப்புக் கோட்டின் தெளிவு.

கண் என்ன செய்கிறது

அச்சு கச்சிதமாக அமைந்தாலும் அடுத்த தடை நம் கண்ணிலேயே இருக்கிறது. கருப்பு-வெள்ளை வேறுபாட்டைக் காண்பதில் நம் பார்வை கூர்மையானது: பார்வையின் ஒரு பாகைக்குள் சுமார் 50 சோடிக் கோடுகள் வரை பிரித்தறியும். சிவப்பு-பச்சை போன்ற நிற வேறுபாடு மட்டும் என்றால் இந்த எண் 10, 12-க்கு இறங்கிவிடும். நிறத்துக்குக் கண் வைத்திருக்கும் வலை அவ்வளவு அகலக் கண்ணியுடையது.

வரைபடத்தை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் ஒரு பாகை என்பது காகிதத்தில் 7 மில்லிமீட்டர். சரிவான இடத்தில் கோட்டுக்கு 0.14, இடைவெளிக்கு 0.26, ஆகமொத்தம் 0.4 மில்லிமீட்டர் என்றால் ஒரு பாகைக்குள் பதினேழு சோடிகள். கோடுகள் தனித்தனியாகத் தெரியும்; ஆனால் அவற்றின் நிறம் சரியாகப் பிடிபடாது. நெருக்கமான பழுப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு கருப்புக் கோடு ஓடினால், அதை நாம் நிறத்தால் அறிவதைவிட அதிகமாக அடர்த்தியால் அறிகிறோம். பழுப்பே விசித்திரமான நிறம்தான். வானவில்லில் அது இல்லை. சுற்றிலும் வெளிச்சமான வெள்ளை இருக்கும்போது மங்கலான ஆரஞ்சை மூளை பழுப்பு என்று பெயரிட்டுக்கொள்கிறது. அச்சில் கருப்பு மை சற்றுக் கூடிவிட்டால் பழுப்பு கருப்புக் குடும்பத்தில் போய்ச் சேர்ந்துவிடும். சம உயரக் கோடு பாதையாகத் தெரியும்.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. பச்சைப் பரப்பின் மேல் ஓடும் பழுப்புக் கோடு அவர்களுக்குக் கிட்டத்தட்ட அதே நிறம். அவர்களைக் காப்பதும் அடர்த்தி வேறுபாடுதான். வண்ணத்தை மட்டும் நம்பி வரைபடம் செய்பவர், பன்னிரண்டு ஆண்களில் ஒருவரைக் காட்டில் தனியே விட்டுவிடுகிறார். வயது ஏறினால் அருகிலிருப்பதைக் காணும் திறனும் மங்கும். மூத்தோர் பிரிவுகளுக்கு 1:10,000-க்குப் பெருக்கி அச்சிடுகிறார்கள். குறியீடுகளும் ஒன்றரை மடங்காகப் பெருகும். 0.14 என்பது 0.21 ஆகி, ஹாஃப்டோன் கட்டத்தை முதன்முறையாகத் தாண்டுகிறது.

கணினியிலிருந்து வெளியே வரும் வழி

1980-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஸ்டைனெகர் ஓகேட் என்ற மென்பொருளை எழுதினார். படலமும் பேனாவும் ஓய்வுபெற்றன. இன்று ஓகேடும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக எழுதப்பட்ட ஓப்பன் ஓரியண்டீரிங் மேப்பரும் பரவலாகப் புழங்குகின்றன. இவற்றுக்குள் கோடு என்பது ஒரு கணிதப் பொருள்: இந்த இடத்தில் தொடங்கி, இப்படி வளைந்து, இந்த அகலத்தில், இந்த நிறத்தில். அதை அச்சகத்துக்கு அனுப்ப ஒரு கோப்பாக மாற்ற வேண்டும். எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த பாழான வரைபடங்களில் பெரும்பாலானவை அந்தப் பொத்தானில்தான் பாழாயின.

முதல் கண்ணி ஜேபெக். புகைப்படத்தைச் சுருக்க எழுதிய இந்த முறை, சற்று முன் பார்த்த கண்ணின் பலவீனத்தையே தன் பலமாக ஆக்கிக்கொண்டது. நிறத்தைக் கண் நுணுக்கமாகக் காணாது என்பதால், வெளிச்சத் தகவலை முழுசாக வைத்துக்கொண்டு நிறத் தகவலைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடும். முகத்துக்கு இது போதும். அங்குலத்துக்கு 300 புள்ளியில் எக்ஸ்போர்ட் செய்த வரைபடத்தில் ஒரு படப்புள்ளி 0.085 மில்லிமீட்டர், நம் கோட்டுக்குள் இரண்டு புள்ளிகூட முழுசாக அடங்காது. நிறப்புள்ளியோ 0.17 மில்லிமீட்டர். பழுப்பு நிறம் கோட்டைவிட்டு வழிந்து அக்கம்பக்கத்து வெள்ளையில் கறையாகப் படியும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டியும் சுருக்குவதால், கோட்டின் ஓரங்களில் தூசிபோலப் புள்ளிகள் தோன்றும். பாறை நிறைந்த பகுதியில் அந்தத் தூசிக்கும் உண்மையான கற்குறியீட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது கண்ணி, நிறமாற்றம். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் ஆனது. பல மென்பொருள்கள் வரைபடத்தை அந்த மூன்றில் எக்ஸ்போர்ட் செய்துவிடும். பி.என்.ஜி. கோப்பில் நான்கு மைக்கு இடமே இல்லை. அச்சகத்தில் அதை மறுபடி நான்கு மையாக மாற்றும்போது, மாற்றுகிற நிரலுக்கு நம் விதிநூல் தெரியாது. அது பழுப்பில் கொஞ்சம் சயானையும் சேர்க்கும். மூன்று பிளேட்டில் வந்த கோடு நான்கு பிளேட்டுக்குப் போகும். அதைவிடக் கொடுமை கருப்புக்கு நேர்வது. கருப்பு மை ஒன்றே போதுமான ஒற்றையடிப் பாதைக் கோட்டை, புகைப்படத்தின் நிழல் என்று எண்ணி நான்கு மையாலும் நிரப்பும். வரைபடத்திலேயே மிகக் கூர்மையாக இருக்க வேண்டிய கோடு, வண்ண நிழல்களோடு தடித்து நிற்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் அக்கறையுள்ளது. அச்சுக்காரர்கள் அதை ஓவர்பிரிண்ட் என்பார்கள். கணினித் திரையில் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை வரைந்தால் மேலே உள்ளது கீழே உள்ளதை மறைத்துவிடும். ஒளி ஊடுருவும் மையின் இயல்பு திரைக்கு வராது. பி.டி.எஃப். கோப்பாக மாற்றும்போது ‘இந்தப் பழுப்பு பச்சையின் மேல் அடிக்கப்பட வேண்டும்’ என்று தனியாகச் சொல்லாவிட்டால், பச்சைப் பரப்பில் கோட்டின் வடிவத்தில் 0.14 மில்லிமீட்டர் துளை வெட்டி அதற்குள் பழுப்பை வைப்பார்கள். தாள் இம்மி நகர்ந்தால் துளையின் ஓரத்தில் வெள்ளைக் காகிதம் எட்டிப்பார்க்கும். அடர்ந்த புதர்ப்பகுதி முழுவதும் கோடுகளின் பக்கத்தில் வெள்ளை இழைகள். தனி மைக் காலத்தில் இந்தக் குறையே இருந்ததில்லை. நல்ல மென்பொருள்கள் இப்போது தனி மைகளின் கலப்பைக் கணக்கிட்டு நான்கு மையில் போலச் செய்துகாட்டுகின்றன. ஆனால் அந்தத் தேர்வை எக்ஸ்போர்ட் செய்பவர்தான் இயக்க வேண்டும்.

போட்டித் தடத்தின் ஊதா இதே கதையின் இன்னொரு முகம். வட்டத்தின் விட்டம் 5 மில்லிமீட்டர், கோட்டின் அகலம் 0.35. சம உயரக் கோட்டைப்போல இரண்டரை மடங்கு தடிமன். அது அடியில் இருப்பதை மறைத்தால், தேட வேண்டிய பாறையே வட்டத்துக்கடியில் காணாமல் போகும். அதனால் தடம் வகுப்பவர்கள் வட்டத்தைத் தேவையான இடத்தில் வெட்டிவிடுவார்கள். ஊதாவைக் கருப்பு, பழுப்புக் கோடுகளுக்குக் கீழே படியும்படி அடுக்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அடுக்கு வரிசை மாறிய ஒரே ஒரு எக்ஸ்போர்ட் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேசர் எந்திரத்தின் டோனர் என்ற மைத்தூள் காகிதத்துக்குள் ஊறுவதில்லை. உருகி மேலே ஒட்டிக்கொள்கிறது. ஓடுபவர் வரைபடத்தைப் பலமுறை மடித்து, தான் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பிடிப்பார். மடிப்பில் டோனர் உதிர்ந்தால் அந்த வரியிலிருந்த பாதை காணாமல் போகும். சாதாரண இங்க்ஜெட் சாயம் மழையில் கரையும். நனையாத செயற்கைத் தாள் மழையைத் தாங்கும். ஆனால் அவற்றில் சில வகைகள் லேசர் எந்திரத்தின் சூட்டில் சுருங்கிவிடும். எந்தத் தாளுக்கு எந்த எந்திரம் என்பதைப் போட்டிக்கு முந்தைய நாள் இரவில் தேடக்கூடாது.

அச்சுக்கு முன் செய்ய வேண்டியவை

சர்வதேசக் கூட்டமைப்பின் வரைபடக் குழு சோதனைத் தாள் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதில் மெல்லிய கோடுகள், பச்சையின் அடர்த்திகள், குறியீடுகள் எல்லாம் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். எந்த எந்திரத்தில் அடிக்கப் போகிறீர்களோ அதில், எந்தத் தாளில் அடிக்கப் போகிறீர்களோ அதில், முதலில் அதை அடித்துப் பாருங்கள். ஆஃப்செட்டில் சரியாக வந்த தாளோடு அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அறையின் குழல்விளக்கில் மட்டும் பார்க்காதீர்கள். மரநிழலுக்கு எடுத்துப் போய்க் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இரவுப் போட்டி என்றால் தலைவிளக்கில் பாருங்கள்; விளக்கின் ஒளி மஞ்சளாக இருந்தால், அச்சிலுள்ள மஞ்சளும் வெறுங்காகிதமும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். நூறாவது தாளையும் முதல் தாளையும் சேர்த்துப் பாருங்கள். எந்திரம் சூடேறச் சூடேற பச்சை மாறும். முதலில் கிளம்புபவருக்கும் கடைசியில் கிளம்புபவருக்கும் ஒரே காடு கிடைக்க வேண்டும்.

கோப்பை அச்சகத்தில் கொடுக்கும்போது பி.டி.எஃப். ஆகவே கொடுங்கள். கோடுகள் கோடுகளாகவே இருக்கட்டும், படமாக மாற்றாதீர்கள். படம்தான் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல், இழப்பில்லாத டிஃப் கோப்பாக, நான்கு மையிலேயே கொடுங்கள். அச்சு எந்திரத்தின் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை அணைக்கச் சொல்லுங்கள். அது ஓரத்தில் இடம் விடுவதற்காக வரைபடத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. 1:10,000 வரைபடத்தில் 500 மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 48.5 இருக்கும். அடியெண்ணி ஓடுபவர் 485 மீட்டரில் நின்று, அங்கே இல்லாத பாறையைத் தேடுவார்.

இதைச் சரிபார்க்க ஒரு ஸ்கேல் போதும். வரைபடத்தில் வடக்கு நோக்கி ஓடும் இணைகோடுகள் இருக்கும்; விதிப்படி அவற்றின் இடைவெளி தரையில் 300 மீட்டர். 1:15,000 என்றால் 20 மில்லிமீட்டர், 1:10,000 என்றால் 30. அச்சான முதல் தாளில் நான்கு இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பாருங்கள். 1:10,000-இல் அது 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 116 என்று வந்தால் எந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.